கடைச் சிப்பந்திகளின் கதி

ஏ-9 வீதி வழியே வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர் இன்று காண்பது 2009இல் கண்ட வன்னியை அன்று. ஓமந்தையும் மாங்குளமும் கடந்து கிளிநொச்சி நகரை அடையும்போது வீதியின் இருமருங்கும் கண்ணாடி முகப்புக் கொண்ட கடைகள் நிரை நிரையாக நிற்கின்றன. புடவைக் கடைகள், பலசரக்குக் கடைகள், கைத்தொலைபேசிக் கடைகள், வெதுப்பகங்கள், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைகள், தெற்கிலிருந்து வந்த பெருங் கொம்பனிகளின் பல்பொருள் அங்காடிகள் என்று எதற்கும் குறைவில்லை. "வன்னி எழுந்துவிட்டது" எனக் கொழும்பிலிருந்து வருவோர் வியந்துரைக்கின்றனர்.

கடைகள் எழுந்துவிட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கடைகளினுள்ளே காலைமுதல் இரவுவரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்ணும், களஞ்சியத்தில் மூடை சுமக்கும் இளைஞனும், காசுப்பெட்டியின் முன்னே கணக்குப் பார்க்கும் பட்டதாரியும் எழுந்துவிட்டனரா என்பதே எமது கேள்வி. அவர்களின் சம்பளம் குறைக்கப்படுகின்றது, வேலை பறிக்கப்படுகின்றது, எஞ்சி நிற்பவரின் நெஞ்சில் அச்சம் குடிகொள்கின்றது. இவற்றைப் பற்றி மேடைகளிலே பேசுவாருமில்லை; பத்திரிகைகளிலே எழுதுவாரும் அரிது. ஆகவே இந்த வாரம் அதனை எழுதுவது எமது கடமையாயிற்று.

சம்பள வெட்டு என்பது எப்போதும் வெட்டு என்ற பெயரோடு வருவதில்லை. "வியாபாரம் இல்லை; இந்த மாதம் பாதியை வைத்துக்கொள், மிகுதியைப் பிறகு தருகின்றேன்" என்று அது வருவதுண்டு. "அழைக்கும்போது வந்தாற் போதும்" என்று வருவதுண்டு. மதிய உணவு நிறுத்தப்படுவதாகவும், விற்பனைக்கான தரகுப்பணம் நீக்கப்படுவதாகவும், மூவர் பார்த்த வேலையை ஒருவர் தலையிற் கட்டுவதாகவும் வருவதுண்டு. இருப்பெடுக்கும்போது குறைந்த பொருளின் விலையைச் சிப்பந்தியின் கணக்கில் எழுதுவதாகவும் வருவதுண்டு. வேலை நீக்கமும் அவ்வாறே. கடிதம் கொடுத்து நீக்குவோர் மிகச் சிலர். "நாளை வரவேண்டாம்" என்று தொலைபேசியிற் சொல்லும் ஒரு வாக்கியத்தோடு நான்கைந்து ஆண்டு உழைப்பின் கணக்கு முடிந்துவிடுகின்றது. கடிதம் இல்லாதபடியால், பின்னர் முறையிடுவதற்குக் கையில் ஆதாரமும் இல்லை.

இந்த நிலை ஒரு நாளில் வந்ததன்று. வன்னியின் வாணிகம் வன்னியின் வயலோடு பின்னிப் பிணைந்தது. காலபோக நெல் அரிவு வெட்டி விற்ற காசு கைக்கு வந்தாலன்றிக் கடைத்தெருவில் நடமாட்டம் இராது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னி விவசாயி நிமிர்ந்தான். அவனோடு சேர்ந்து கிளிநொச்சிக் கடைத்தெருவும் நிமிர்ந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது, விவசாயியின் விளைபொருள் விலை சரிந்தது, கடைத்தெருவும் தளர்ந்தது. அடுத்து யுத்தமும் பொருளாதாரத் தடையும் வந்தன. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் ஏங்கிய அந்த ஆண்டுகளில், கிடைத்த நிவாரணப் பொருட்களை மக்களின் கையில் சேர்த்தவர்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் ஊழியர்களே. எறிகணை வீழும் இடங்களிலும் கொட்டில் போட்டுப் பங்கீட்டு அட்டை பார்த்து அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுத்த அந்தச் சிப்பந்திகளுக்கு எந்த அரசும் பதக்கம் அணிவிக்கவில்லை.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது வன்னியில் கடை என்று சொல்லத்தக்கது எதுவும் நிலைத்திருக்கவில்லை. முகாம்களிலிருந்து மீண்டவர்கள் தறப்பாளின் கீழே தேநீர்க் கடையிலிருந்து தொடங்கினார்கள். வங்கிகளும் குத்தகைக் கொம்பனிகளும் நுண்கடன் கொம்பனிகளும் படையெடுத்து வந்தன. கடனிலே கடை எழுந்தது. கடனிலே சரக்கு நிறைந்தது. 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தையிலே தீ பரவிப் பெருந்தொகையான கடைகளை ஓர் இரவிலே சாம்பலாக்கியது. கடைக்காரரின் இழப்பு மதிப்பிடப்பட்டது. அந்தக் கடைகளிலே கூலிக்கு நின்றவர் இழந்த மாதச் சம்பளத்தை மதிப்பிட்டவர் யார்?

அதன் பின்னர் அடிமேல் அடி. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள்; 2020இல் கொரோனாத் தொற்றும் ஊரடங்கும்; 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை. அந்தத் தடை அந்த ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே நிலத்தில் நின்றது. உரமின்றி வாடிய வயலிலிருந்து வந்த நெல் முன்னைய ஆண்டினதிலும் வெகுவாகக் குறைந்தது. விவசாயியின் கையில் காசில்லை. கடன் கொப்பியிலே பெயர்கள் நீண்டன. அடுத்து 2022 ஏப்பிரலில் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதெனக் கைவிரித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. உணவுப் பொருட்களின் விலையோ ஏறத்தாழ 95 வீதம்! அதாவது, சம்பளத்தில் ஒரு சதமேனும் வெட்டப்படாத சிப்பந்தியின் சம்பளமும் உண்மையில் வெட்டுண்டது. 2021இல் ஒரு மூடை அரிசி வாங்கிய சம்பளம் 2022இல் அரை மூடை சற்றே மேலாக வாங்கியது. அதற்கும் மேலே முதலாளியும் வெட்டினாரென்றால் அந்தச் சிப்பந்தி எதனை உண்பான்? மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை இதுவன்றோ?

இனி, சம்பளம் குறைந்தவனின் உள்ளத்துக்கு வருவோம். "வயிற்றைக் கட்டிக்கொண்டால் சரி, காலம் மாறும்" என்று சொல்வோர், சம்பளம் என்பது வயிற்றோடு மாத்திரம் தொடர்புடையதென எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மாத முடிவிலே கைக்கு வரும் பணம், 'உன் உழைப்புக்கு இவ்வளவு மதிப்பு உண்டு' என்று ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் அளிக்கும் சான்று. காரணம் சொல்லாமல் அதனைக் குறைக்கும்போது குறைவது பணம் மட்டுமன்று. அவன் மதிப்பும் குறைகின்றது. யுத்தத்திலே கணவனை இழந்து, இரு பிள்ளைகளையும் முதிய தாயையும் தாங்கி நிற்கும் ஒரு பெண், புடவைக் கடை வேலையைக் கொண்டு தலை நிமிர்ந்து நடந்தாள். தவணைக் காசுக்காரன் வாசலில் வந்து நின்றபோது, "சம்பளம் வரும், தருவேன்" என்று சொல்லும் துணிவு அவளுக்கிருந்தது. சம்பளம் பாதியானபோது அந்தத் துணிவும் போயிற்று. இத்தகைய பெண் ஒருத்தியல்லள். வன்னியின் ஒவ்வொரு கிராமத்திலும் உளள்.

வேலை இழந்தவரின் துன்பம் கண்ணுக்குத் தெரிகின்றது. வேலை இழவாது எஞ்சியவரின் துன்பம் தெரிவதில்லை. பத்துப் பேர் நின்ற கடையில் நால்வரை அனுப்பிவிட்டால், மீதி அறுவரும் மகிழ்ச்சியோடு உழைப்பர் என்று முதலாளி எண்ணுகின்றார். நடப்பது வேறு. அடுத்தது யார் என்ற ஐயம் அறுவரையும் அரிக்கின்றது. ஒருவரை ஒருவர் நம்பார். ஒருவர்மீது ஒருவர் கோள் சொல்வர். கெட்டிக்காரர் வேறு இடம் தேடி முதலிற் போவர், போக்கிடமற்றவரே தங்குவர். வாடிக்கையாளர் வந்து நின்றாலும் வரவேற்க முகம் மலராது. சுமை கூடி உடல் சோர, கணக்குப் பிழைக்கும், இருப்புக் குறையும். பின்னர் அந்தக் குறையும் சிப்பந்தியின் தலையிலேயே விழும்.

இஃது எமது கற்பனையன்று. பணம் மலிந்த அமெரிக்காவிலேயே இதனை ஆராய்ந்து கண்டிருக்கின்றார்கள். ஜெரால்ட் கிரீன்பேர்க் என்ற ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்று ஒரே நிறுவனத்தின் மூன்று தொழிற்சாலைகளைப் பற்றியது. வருமானம் குறைந்தபடியால் இரண்டு தொழிற்சாலைகளிற் பத்து வாரங்களுக்குச் சம்பளம் 15 வீதம் வெட்டப்பட்டது. ஒன்றிலே நிருவாகத் தலைவர் நேரில் வந்து, கணக்கைக் காட்டி, வருந்தி, கேள்விகளுக்கெல்லாம் மறுமொழி சொன்னார். மற்றதிலே சில நிமிட அறிவித்தலோடு காரியம் முடிந்தது. வெட்டு ஒன்றே, விளைவு ஒன்றன்று. விளக்கம் கிடையாத தொழிற்சாலையில் களவு பெரிதும் கூடியது. வேலையை விட்டு விலகியோரும் கூடினர். விளக்கம் கிடைத்த இடத்தில் அந்த அளவுக்கு நிகழவில்லை. சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் களவும் பழைய நிலைக்குத் தணிந்தது. களவை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால், நம்பிக்கையை முதலில் உடைத்தவர் யார் என்று கேட்காமல் களவை மாத்திரம் பேசுவது நீதியாகாது.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் ட்ரூமன் பியூலி, 1990களின் தொடக்கத்தில் ஏற்பட்ட மந்தத்தின்போது முந்நூறுக்கு மேற்பட்ட முதலாளிமார், முகாமையாளர் முதலியோரைச் சந்தித்து, 'வியாபாரம் படுத்தபோதும் நீங்கள் சம்பளத்தைக் குறைக்கத் தயங்குவது ஏன்?' என்று வினவினார். அவர்கள் பெரும்பாலும் சொன்ன மறுமொழி, ஊழியரின் மனம் முறிந்துவிடும் என்பதே. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே முதலாளிமாருக்கு இது தெரிந்திருக்கின்றது!

தெரியாமற் போனவர் பட்ட பாட்டுக்கும் சான்று உண்டு. 'சேர்க்கிற் சிற்றி' என்பது அமெரிக்காவெங்கும் மின்சாதனக் கடைகளை நடத்திய பெருங் கொம்பனி. 2007 மார்ச் மாதத்தில் அது, அதிக சம்பளம் பெறுகின்றனர் என்ற காரணத்துக்காகவே 3,400 விற்பனைச் சிப்பந்திகளை நீக்கிக் குறைந்த சம்பளத்துக்குப் புதியவரைச் சேர்க்க முனைந்தது. அதிக சம்பளம் பெற்றவர் யார்? தொழில் தெரிந்தவர், வாடிக்கையாளரின் மனமறிந்தவர். அவர்கள் போனதும் கடையின் பெயரும் போனது. 2008 நவம்பரில் கொம்பனி வங்குரோத்து என்று நீதிமன்றம் சென்றது; 2009 மார்ச்சில் இறுதிக் கடையும் மூடப்பட்டது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும், தேர்ந்த சிப்பந்தியைச் செலவென்று கருதி வெட்டியவர் தம் காலையே வெட்டிக்கொண்டார் என்பதை வணிக உலகம் மறக்கவில்லை.

"அமெரிக்கக் கதை எமக்கெதற்கு? எங்கள் கடையில் நான்கு பேர், எமக்குமே சோறில்லை" என்று வன்னிக் கடைக்காரர் கேட்கலாம். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. சிறிய கடைக்காரரும் கடனாளியே. வங்கித் தவணை நிற்பதில்லை, வாடகை குறைவதில்லை, விவசாயிக்குக் கொடுத்த கடன் அறுவடைவரை திரும்புவதில்லை, வெள்ளமோ வரட்சியோ வந்தால் அறுவடையும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த பெருவெள்ளத்தில் வயலும் வீதியும் மூழ்கியதை யாவரும் அறிவர். அத்தகைய கடைக்காரரையும், நாடெங்கும் கிளை பரப்பி ஆண்டறிக்கையிலே இலாபம் காட்டும் கொம்பனியையும் நாம் ஒரே தராசில் நிறுக்கமாட்டோம்.

ஆயினும், சிறிய முதலாளியிடமும் நாம் கேட்பது ஒன்றுண்டு. இடர் வந்தால் அதனைப் பகிர்ந்துகொள்ளும் முறை எது? இலாபம் பெருகிய சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் சிப்பந்திக்குப் பங்கில்லை. நட்டம் வந்த மாதத்தில் மாத்திரம் அவன் பங்காளியா? கணக்கைத் திறந்து காட்டுங்கள். ஒருவரை நீக்குவதிலும் பார்க்க எல்லோரும் வேலைநாளைச் சிறிது குறைத்துக்கொள்வது நன்றெனின், அதை அவர்களோடு இருந்து பேசித் தீர்மானியுங்கள். வெட்டுவதாயின் முதலில் உங்கள் சொந்தச் செலவில் வெட்டுங்கள். எந்த மாதத்திற் பழைய சம்பளம் திரும்பும் என்பதை எழுத்திலே கொடுங்கள். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருந்தது. 2020 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கின்போது, அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது கூடியதோ அதனை வழங்கவேண்டும் என்பதே அது. குறைவான தொகைதான். ஆனால் ஒருவரின் விருப்பத்தால் அல்லாது மூவரும் கூடி வகுத்த அளவு அது. தொழிற்சங்கம் மேசையில் இருந்தபடியால் அந்த அளவாவது கிடைத்தது. வன்னிக் கடைச் சிப்பந்திக்காக எந்த மேசையில் எந்தச் சங்கம் இருக்கின்றது?

சட்டம் இல்லையென்று யாரும் எண்ணவேண்டாம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்துள்ளது; வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு உண்டென்கின்றது; மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டென்கின்றது. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, சிப்பந்தியின் சம்பளத்தில் 8 வீதத்தோடு முதலாளி தன் பங்காக 12 வீதம் செலுத்தவேண்டும். 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம். ஒரே ஒருவர் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும். 2016இல் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்ட தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2025 ஏப்பிரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் ஆக்கப்பட்டுள்ளது. நாட்கணக்கிற் பார்த்தால் 1,200 ரூபா. எந்தச் சம்பள வெட்டும் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது சட்டவிரோதம். "சிப்பந்தி சம்மதித்தான்" என்பது அதற்கு மறுமொழியாகாது.

இருந்தும், சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஊழியரை நீக்குவதாயின் அவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன்கூட்டிய அனுமதி வேண்டும் என்கின்றது. நல்ல சட்டம். ஆனால், பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது செல்லாது. 1983இன் பணிக்கொடைச் சட்டமும், ஐந்தாண்டு உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வழங்கும் கடப்பாட்டைப் பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள இடங்களுக்கே முதன்மையாக விதித்தது. கொழும்பின் பெருங் கம்பனிகளை மனத்திற் கொண்டு வரைந்த கோடு அது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் பதினைந்து சிப்பந்திகள் உள்ள கடைகளை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே, வன்னியின் கடைச் சிப்பந்திகளுட் பெரும்பாலோருக்கு இந்த நாட்டின் வேலைப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

இந்தக் கட்டத்தில் எமது அரசியல்வாதிகளை நோக்கி ஒரு சொல். தமிழரின் உரிமைப் போராட்டத்துக்கும் சம்பளத்துக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் வரலாறு அறியாதவர். 1947 ஜூன் 5ஆம் நாள் கொழும்பில் தொழிலாளர் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டபோது உயிர் நீத்தவர் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர். அதே ஆண்டின் வேலைநிறுத்தத்திற் கலந்தமைக்காக அரசாங்க விவசாய விரிவுரையாளர் பதவியை இழந்த பாலா தம்பு, 1948முதல் 2014இல் மறையும்வரை வணிகத்துறை ஊழியரின் சங்கமாகிய இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தை வழிநடத்தினார். சிங்களம் மட்டும் சட்டத்தின் கீழ்ச் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட முடியாதென்றது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பைப் புரட்டி, அவனுக்கு அந்த உரிமை உண்டென்றது. மொழியுரிமை வழக்கென்று நாம் பெருமையோடு நினைவுகூரும் அந்த வழக்கு, நிறுத்தப்பட்ட ஒரு சம்பள ஏற்றத்திலிருந்தே தொடங்கிற்று என்பதை மறவற்க!

1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியரை அன்றைய அரசு ஒரே வீச்சில் வீதிக்குத் தள்ளியது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதிலே அடங்குவர். உயிரை மாய்த்துக்கொண்டவரும் உளர். ஒரு நாட்டின் தொழிற்சங்க இயக்கம் பல ஆண்டுகளுக்கு முதுகெலும்பு முறிந்து கிடப்பதற்கு அந்த ஒரு வேலை நீக்கம் போதுமானதாயிற்று. அச்சத்தின் வலிமை அத்தகையது. ஒரு நாட்டுக்கு நேர்ந்தது ஒரு கடைக்கும் நேரும்.

எல்லை தாண்டியும் சற்றே பார்ப்போம். புடவைக் கடைகளிலே நாள் முழுவதும் நின்று கால் வீங்கிய பெண்கள் கேரளத்தில் ஒன்றுகூடிப் போராடியதன் பயனாக 2018இல் அங்கே கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கையுரிமை சட்டமாயிற்று. 2021இல் தமிழ்நாடும் அதனைச் சட்டமாக்கியது. உட்காருவதற்கு ஒரு முக்காலி! அதற்கும் சட்டம் வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கும் போராட்டம் வேண்டியிருந்தது. கேளாதவர்க்கு முக்காலியும் கிடையாது என்பதே இதன் பாடம்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. முதலாவது, பதினைந்து பேர் என்ற எல்லையைத் தகர்த்து, சிறிய கடைகளின் சிப்பந்திகளுக்கும் குறைந்தபட்ச முன்னறிவித்தலும் நட்டஈடும் கிடைக்கச் சட்டம் திருத்தப்படவேண்டும். வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரும் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெயரால் கிளிநொச்சி மக்களின் வாக்கைப் பெற்றோரும் கட்சி வேற்றுமை மறந்து இதனைப் பாராளுமன்றில் எழுப்புவாராக. இரண்டாவது, ஒவ்வொரு சிப்பந்திக்கும் தமிழில் எழுதிய நியமனக் கடிதமும் மாதச் சம்பளச் சிட்டையும் வழங்கப்படுவதைத் தொழில் திணைக்களம் கடை கடையாகச் சென்று உறுதிசெய்யவேண்டும். முறைப்பாடு வரும்வரை காத்திருந்தால், வேலை போகும் என்ற அச்சத்தில் முறைப்பாடு வரவே வராது. மூன்றாவது, அறுவடைக்கு முந்திய மந்தமான மாதங்களில் சிறு கடைகள் ஊழியரை நீக்காது வைத்திருப்பதற்கென்று, கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் வாயிலாகக் குறைந்த வட்டிக் கடன் வழங்கப்படவேண்டும். ஊழியரை நீக்காமை அந்தக் கடனின் நிபந்தனையாகட்டும். நான்காவது, கூட்டுறவுச் சங்கங்கள் தாமே முன்மாதிரியாகட்டும். உறுப்பினருக்குச் சொந்தமான கடையிலே ஊழியரின் சம்பளம் நிலுவையில் நிற்குமாயின், தனியார் முதலாளியை நோக்கி விரல் நீட்ட எமக்கு என்ன தகுதி?

மாகாண சபைக்கும் இதிற் பொறுப்புண்டு. கூட்டுறவு மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் முடிந்தபின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஓடிவிட்டன. மக்கள் தெரிந்த சபை இல்லாதபோது, சங்கக்கடை ஊழியரின் குறை கேட்கவேண்டிய அமைச்சரும் இல்லை. அதிகாரப் பகிர்வு என்பது வெறும் சட்ட நூற் சொல்லன்று. ஒரு சிப்பந்தியின் சம்பள நிலுவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அருகில் இருப்பதே அதன் பொருள்.

சிப்பந்திகளுக்கும் ஒன்று சொல்வோம். ஏழு பேர் சேர்ந்தால் இந்த நாட்டிலே ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம்; 1935ஆம் ஆண்டுமுதல் அந்தச் சட்டம் இருக்கின்றது. ஒரே கடையில் ஏழு பேர் இல்லையெனில் ஒரு கடைத்தெருவிலே எழுபது பேர் உள்ளனர். வேலைக்கு வந்த நாளையும் வாங்கிய சம்பளத்தையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்து வையுங்கள். கடிதம் தராத முதலாளிக்கு எதிரே அந்தக் கொப்பியே உங்கள் சாட்சி.

இறுதியாக, இந்தப் பத்திரிகையை வாசிக்கும் விவசாயிகளையும் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், சட்டத்தரணி முதலியோரையும் நோக்கி: இது எமக்குப் புறம்பான விடயம் என்று எண்ணவேண்டாம். கமக்காரரே, அந்தக் கடையில் நிற்பது உம்முடைய மகள்; வயலில் வருமானம் போதாதபடியால் அன்றோ அவள் கடைக்குப் போனாள்? அவளின் சம்பளம் அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கிய பணம். ஆசிரியரே, அங்கே மூடை சுமப்பவன் உம்மிடம் உயர்தரம் படித்தவன். அவன் மனம் உடைந்து கடவுச்சீட்டு எடுக்க ஓடுவானாயின், வன்னி இன்னொரு இளைஞனை இழக்கின்றது. யுத்தம் குறைத்த மக்கட்டொகையைச் சம்பள வெட்டும் குறைக்க விடலாமா?

சட்டத்தரணிகள் மாதம் ஒரு நாள் சந்தைக்கு வந்து இலவசமாக ஆலோசனை சொல்லலாம். வாடிக்கையாளர், "இங்கே சேமலாப நிதி கட்டுகின்றீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஒருவர் கேட்டால் முதலாளி சிரிப்பார். நூறு பேர் கேட்டால் சிந்திப்பார்.

வன்னியின் கடைகளை எழுப்பியது கொழும்புக் கொம்பனியின் முதல் மாத்திரமன்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணம் மாத்திரமுமன்று. எல்லாம் இழந்து வந்த ஒரு தலைமுறை, குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் நின்று எழுப்பிய கடைகள் அவை. நின்றவரின் காலை வாரிவிட்டுக் கட்டிடம் நிமிர்ந்து நிற்பதை எழுச்சி என்று சொல்ல நாம் ஆயத்தமில்லை. அவர்களின் சம்பளம் நிலைபெறட்டும், வேலை நிலைபெறட்டும், முகத்தில் அச்சம் நீங்கட்டும். அன்று நாமும் சொல்வோம், வன்னி எழுந்துவிட்டதென்று.